சுவரை மிதிக்காதவர்கள்

ஜேசிபியின் கை மறுபடியும் இறங்கியபோது கூரைத் தகரம் மடங்கிச் சரிந்தது, மேற்குச் சுவர் உட்கார்ந்தது, வாசல் நிலை முறிந்தது, ஆனால் கொட்டகையின் நிழல் மட்டும் கிடந்த இடத்தில் அப்படியே கிடந்தது. இன்னும் ஏதோ மிச்சம் நிற்கிறது என்று நினைத்து ஓட்டுநர் கையைச் சுழற்றிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. இடிபாட்டை அள்ளி லாரியில் கொட்டிவிட்டு, வாளியின் முதுகால் தரையைத் தேய்த்தார். தேய்க்கத் தேய்க்க நிழல் வாளியின் மேல் ஏறி, இறங்கி, பழையபடி படுத்துக்கொண்டது. உச்சி வெயில். கண்ணுக்கெட்டிய தூரம்வரை உப்புப் பாத்திகளும் அவற்றின் வெள்ளையும் தவிர ஒரு செடிகூடக் கிடையாது. அவர் வண்டியை அணைத்துவிட்டு இறங்கி, நிழலுக்குள் போய்த் துண்டை விரித்து உட்கார்ந்து, சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தார்.

"வேலை முடியலையா?" என்று கங்காணி ஐகோர்ட்துரை வந்து கேட்டார்.

"கட்டடம் முடிஞ்சிட்டு. நிழலை அள்ள எங்கிட்ட வண்டி கிடையாது அண்ணே."

அந்தக் கொட்டகை தங்கபுஷ்பம் டீச்சரின் பள்ளிக்கூடம். டீச்சர் அரசாங்கச் சம்பளம் வாங்கிய டீச்சர் அல்ல; எங்களைப்போல அந்த உப்பளத்தில் உப்பு வாரியவர், வாரிக்கொண்டே பத்தாவது முடித்தவர். விடிவதற்கு முன் பாத்தியில் இறங்கி, வெயில் தலைக்கு ஏறும் நேரத்தில் கரையேறும் பெண்களுக்கு, வீட்டுக்குப் போகும் முன் ஒரு மணி நேரம் எழுத்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று பழைய முதலாளியிடம் கேட்டார். பழைய முதலாளி, உப்பு வாரும் பலகையும் மண்வெட்டியும் போட்டுவைக்கும் கொட்டகையைக் காட்டி, வைத்துக்கொள் என்று வாயால் சொன்னார். அந்த ஒரு வார்த்தையின் மேல்தான் பள்ளிக்கூடம் நின்றது. அங்கேதான் நாங்கள் பஸ்ஸின் பெயர்ப்பலகையை வாசிக்கப் படித்தோம், மாத்திரை அட்டையில் காலாவதித் தேதியைத் தேடப் படித்தோம், கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடியும் காலுக்கு ரப்பர் பூட்ஸும் வேண்டும் என்று மனு எழுதவும் அதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுப் பதில் வரும்வரை படியில் உட்காரவும் படித்தோம். பிள்ளை வலி எடுத்தவளைப் பெரியாஸ்பத்திரிக்கு ஆட்டோவில் மடியில் சாய்த்துக் கொண்டுபோனதும் டீச்சர்தான், உள்ளே விட மறுத்த இடத்தில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றதும் டீச்சர்தான். அவர் செத்து, கருமாதி விசேஷம் முடிந்து, பந்தல் பிரித்த மறுநாள், பழைய முதலாளியின் மகன் பால்துரை அண்ணாச்சி வண்டியை அனுப்பிவிட்டார். அந்த இடத்தையும் பாத்தியாக்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம்.

வேலை முடிந்து கரையேறியபோது கொட்டகை இல்லை, நிழல் இருந்தது. நாங்கள் கால் கழுவிக்கொண்டு போய் உட்கார்ந்தோம். வேறு எங்கே போவது.

அதற்குப் பழகுவதற்கு ரொம்ப நாள் ஆகவில்லை. உச்சி வெயிலில் நிழல் தன்னை இழுத்துக்கொண்டு, சுவர்கள் நின்ற இடத்துக்குள் சரியாக வந்து அடங்கும்; அது வகுப்பு நேரம். காலையில் அது மேற்கே பாத்திகளின் மேல் நீண்டு கிடக்கும். அந்த நேரத்து நிழலில் யார் நின்று உப்பு வாருவது என்று முதலில் சண்டை வந்தது, பிறகு ஒரு ஒழுங்கு வந்தது: பிள்ளைத்தாய்ச்சிக்கு முதல் இடம், காய்ச்சல்காரிக்கு அடுத்த இடம், வீட்டில் அடிபட்டுவிட்டு வந்தவளுக்கு அவள் சொல்லாமலே ஒரு இடம். செருப்பை வாசலுக்கு வெளியே விட்டோம். வாசல் இருந்த பக்கமாகவே உள்ளே போனோம். ஒரு நாள் எங்களோடு உப்பு வாரும் சந்தனமாரி அவசரத்தில் பக்கவாட்டில் குறுக்கே வந்துவிட்டாள், இருந்தவர்கள் எல்லோரும் ஒரே குரலில், "ஏட்டி, சுவத்துக்குள்ள வாரியே, கண்ணு அவிஞ்சா போச்சு?" என்று கத்த, அவள் திரும்பிப் போய்ச் சுற்றிக்கொண்டு வாசல் வழியாக வந்து, முழங்கையைத் தேய்த்துவிட்டுக்கொண்டே உட்கார்ந்தாள். மேகம் போட்ட நாளில் நிழல் இல்லை, அதனால் லீவு என்று சின்னவர்கள் சொன்னார்கள். மேகம் விலகியதும் அது எங்கே வந்து விழும் என்று நமக்குத் தெரியுமே, அந்த இடத்தில் உட்காருங்கள் என்று பதில் வந்தது. உட்கார்ந்தோம். மேகம் விலகியது, நிழல் வந்து எங்களை மூடிக்கொண்டது.

அந்தப் பதிலைச் சொன்னவள் செல்வகனி, டீச்சரின் ஒரே மகள். டவுனில் ஜவுளிக்கடையில் பில் போடுகிறவள். சின்ன வயதில் தன் அம்மாவை எங்களோடு பங்குபோட்டு வளர்ந்தவள், அந்தக் கோபம் கொஞ்சம் அவளுக்கு எப்போதும் உண்டு. விசேஷத்துக்கு லீவு போட்டு வந்தவள், இடித்த செய்தி கேட்டு அளத்துக்கு வந்து, நிழலைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள். நாங்கள் சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தபடி இருந்தோம்.

"என்னைப் பாக்காதீங்க. எனக்குச் சொல்லித்தரத் தெரியாது."

"எங்களுக்கும் படிக்கத் தெரியாது. பொருத்தம்தான்," என்றாள் சந்தனமாரி.

செல்வகனி தண்ணீர் கேனில் சாய்த்து வைத்திருந்த கரும்பலகையைத் துடைத்தாள். கடைக்கு அவள் திரும்பிப் போகவில்லை.

செய்தி பரவி ஆட்கள் வந்தார்கள். பத்திரிகைக்காரர் ஒருவர் படம் எடுத்தார். படத்தில் அது எந்த ஊரிலும் இருக்கும் ஒரு நிழலைப் போலத்தான் இருந்தது, அவர் அதைப் போடவில்லை. தாலுகா ஆபீஸில் விசாரித்தபோது, நிழலுக்குச் சர்வே எண் கிடையாது, ஆகவே ஆக்கிரமிப்பு என்று சொல்வதற்கும் இல்லை, இல்லை என்று சொல்வதற்கும் இல்லை என்றார்கள். டவுனிலிருந்து ஒரு குடும்பம் வேன் பிடித்து வந்து, எலுமிச்சம்பழத்தை அறுத்து வைத்து, சூடம் ஏற்றப் போனது. சந்தனமாரி எழுந்து போய்ச் சூடத்தை ஊதி அணைத்தாள்.

"இது கோயிலில்ல. உள்ள வந்துட்டீக, உக்காந்து அ, ஆ எழுதிட்டுப் போங்க."

"எங்களுக்கு எழுதத் தெரியும்மா."

"தெரிஞ்சா நல்லது. இந்தா, இவளுக்குச் சொல்லிக்குடுங்க," என்று பக்கத்தில் இருந்தவளைக் காட்டினாள். அந்த வேன்காரர்கள் ஒரு மணி நேரம் இருந்து சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் போனார்கள். அதற்குப் பிறகு வந்தவர்கள் சாக்பீஸ் டப்பாவோடு வந்தார்கள்.

பால்துரை அண்ணாச்சி ஒரு மத்தியானம் காரில் வந்தார். நிழலுக்குள் வரச் சொன்னோம், வரவில்லை. உள்ளே வந்துவிட்டால் அது இருக்கிறது என்று ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும் அல்லவா. ஓரத்தில், கொதிக்கிற வெயிலில், சட்டை முதுகோடு ஒட்ட நின்றுகொண்டு பேசினார்.

"பாப்பா, உங்கம்மா எனக்கும் அம்மா மாதிரிதான். அவங்க பேரு நிலைக்கணும்னு ஆசைப்படுதேன். கேட்டுப் பக்கம் லாரி நிறுக்கப் புது எடைமேடை போடுதேன். தங்கபுஷ்பம் டீச்சர் நினைவு எடைமேடை. பெரிய எழுத்துல, போட்டோவோட. நாடா வெட்டுறது நீதான்."

"அப்ப இந்த இடம் அண்ணாச்சி?"

"இது பாத்தி."

"டீச்சர் மேல லாரிய ஏத்தி எறக்கப் போறீகன்னு சொல்லுங்க," என்றாள் சந்தனமாரி. யாரோ சிரித்தார்கள். அண்ணாச்சி அந்தப் பக்கம் திரும்பவில்லை.

செல்வகனி சாக்பீஸைக் கீழே வைக்கவில்லை. "எங்கம்மா பேரை நீங்க எங்கயும் எழுத வேண்டாம். அவங்க மத்தவங்க பேரை எழுதச் சொல்லிக்குடுத்துக்கிட்டு இருந்தாங்க. அது இங்க நடக்கும். இந்த இடத்தை விட மாட்டோம்."

"எந்த இடத்தைச் சொல்லுத? இங்க என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்லேன்னா ஏன் வெயில்ல நிக்கீங்க அண்ணாச்சி?"

அவர் காரில் ஏறிப் போனார். மறுநாள் காலை ஐகோர்ட்துரை எங்கள் வரிசைக்கு முன்னால் வந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்த இடத்தைச் சுற்றி வரப்பு போட்டாகிவிட்டது, நாளைக்கு நாங்கள்தான் பாத்தி மிதிக்க வேண்டும், வராதவர்கள் அப்புறம் எந்த அளத்துக்கும் போக வேண்டாம் என்றார். சொல்லும்போது யார் முகத்தையும் பார்க்காமல் எங்கள் கையிலிருந்த உப்புப் பலகைகளைப் பார்த்தே சொன்னார்.

பாத்தி மிதிப்பது என்பது, ஈரமண்ணில் தோள்மேல் கைபோட்டு வரிசையாக நின்று, ஒரு பாதம் விட்ட இடத்தில் அடுத்த பாதம் வைத்து, தரை பலகைபோல இறுகும்வரை நாள்கணக்கில் மிதித்துக்கொண்டே போவது. விரல் அகலத்துக்கு மிதி படாமல் விட்டாலும் அதன் வழியே உப்புத்தண்ணீர் மண்ணுக்குள் இறங்கிவிடும். இறங்கிவிட்டால் அது பாத்தி இல்லை, வெறும் சேறு. எங்கள் பள்ளிக்கூடத்தை எங்கள் காலாலேயே இறுக்கி மூட வேண்டும் என்பதுதான் அண்ணாச்சி கண்டுபிடித்த வழி. அன்று மத்தியானம் யாரும் சிலேட்டை எடுக்கவில்லை. சந்தனமாரிதான் சொன்னாள்.

"நாளைக்கு நாங்கதான் மிதிக்கணுமாம்."

"மிதிங்க," என்றாள் செல்வகனி. "மிதிக்காம வீட்டுல அடுப்பு எரியுமா? மத்தியானம் வகுப்பு உண்டு. கால் கழுவிட்டு வந்துருங்க."

போய் மிதித்தோம். கங்காணி தாளம் சொல்ல, வெயில் ஏற ஏற, வரப்பிலிருந்து வரப்புக்கு மிதித்தோம், எந்தக் குறையும் வைக்க நினைக்கவில்லை, வேலையைக் கெடுக்க எங்களுக்குத் தெரியவும் தெரியாது. தெற்குச் சுவர் வந்தது. வரிசை நின்றது. முன்னால் நின்றவள் திரும்பினாள், அவள் பின்னால் எல்லோரும் திரும்பினோம், சுவரை ஒட்டியே நடந்து வாசலுக்கு வந்து, ஒவ்வொருவராக உள்ளே போய், மறுபடியும் தோள்மேல் கைபோட்டு, உள்பக்கத்தை மூலை முடுக்கு விடாமல் மிதித்துவிட்டு, வாசல் வழியாக வெளியே வந்தோம். ஐகோர்ட்துரை எங்களை விரட்டிக்கொண்டே பின்னால் வந்தார், விரட்டிக்கொண்டே உள்ளேயும் வந்தார். அப்படியே நாட்கள் போயின. பாத்தி கண்ணாடிபோல ஆகிவிட்டது என்று அவரே அண்ணாச்சியிடம் சொன்னார். தண்ணீர் பாய்ச்சினார்கள். மறுநாள் விடிந்தபோது பாத்தியில் சொட்டுத் தண்ணீர் இல்லை, கொட்டகையின் நாலு சுவரும் நின்ற கோடு மட்டும் வாசல் அளவுக்கு இடைவெளி விட்டு ஈரமாகக் கறுத்துக் கிடந்தது.

"எவ இதை மிதிக்காம விட்டது?" என்று ஐகோர்ட்துரை கத்தினார்.

"சுவத்தை யாரு மிதிப்பா அண்ணே?" என்றாள் சந்தனமாரி. அவள் கேலிக்குச் சொல்லவில்லை. எங்கள் எல்லோருக்கும் அப்போதுதான் விஷயம் உறைத்தது.

"சுவரு எங்கட்டி இருக்கு?"

"பின்ன நீங்க ஏன் செருப்பைக் கழட்டி வச்சிட்டு வாசல் வழியா வந்தீக?"

ஐகோர்ட்துரை தன் காலைப் பார்த்தார். பிறகு வாசல் பக்கம் பார்த்தார். எங்கள் செருப்புகளோடு அவருடையதும் கிடந்தது. அவர் அதை மாட்டிக்கொண்டு போனார்.

அண்ணாச்சி வடக்கேயிருந்து ஆட்களைக் கொண்டுவந்தார். அவர்களுக்கு எங்கள் பேச்சும் தெரியாது, கொட்டகையும் தெரியாது. காலையில் குறுக்கும் நெடுக்குமாக நன்றாகத்தான் மிதித்தார்கள். மத்தியானம் நிழல் வந்து அடங்கியதும் ரொட்டியை எடுத்துக்கொண்டு ஒதுங்க வந்தார்கள். வாசல் எது என்று கையைக் காட்டினோம். சாப்பிட்டுவிட்டுக் கரும்பலகையில் இருந்ததை எட்டிப் பார்த்தார்கள். சாயங்காலம் மிதிக்கப் போனபோது அவர்களும் சுவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள்; அப்போதும் பாத்தியில் தண்ணீர் நிற்கவில்லை. ஊருக்குத் திரும்பும் முன் அவர்களில் ஒருவர் தன் பெயரை எங்கள் எழுத்தில் எழுதிக் காட்டினார். மகேஷ். ஷ மட்டும் கொஞ்சம் படுத்திருந்தது.

கடைசியில் அண்ணாச்சியே வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நாங்கள் வகுப்பில் இருக்கும் நேரம் பார்த்து வந்து, தெற்குச் சுவரின் மேல் காலை வைத்து மிதிக்க ஆரம்பித்தார். அவருடைய தாத்தா உப்பு வாரியவர் என்று சொல்வார்கள். பாதம் அதை மறக்கவில்லை, குதிகாலை ஊன்றி, விரலை விரித்து, நெருக்கி நெருக்கி மிதித்தார், நன்றாக மிதித்தார் என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். எங்கள் தோளை உரசிக்கொண்டு ஒரு பெரிய மனிதர் சுவருக்குள் நடந்து போகிறார். யாரும் தடுக்கவில்லை. செல்வகனி எழுதுவதை நிறுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள். நாலு சுவரும் முடிந்து, வாசலையும் குறுக்கே மிதித்துவிட்டு, மூச்சிரைக்க அவர் நின்றபோது, "முடிஞ்சுதா அண்ணாச்சி? நாங்க பாடத்தை எடுக்கலாமா?" என்று கேட்டாள்.

அந்த முறை தண்ணீர் நின்றது.

மறுநாள் மத்தியானம் நாங்கள் கரையேறி வந்து வரப்பில் நின்றோம். வரப்பிலிருந்து வரப்புக்குக் கணுக்கால் அளவு உப்புத்தண்ணீர். நிழல் அதன் அடியில், தரையில், எப்போதும்போலக் கிடந்தது. உட்கார இடம் இல்லை. தூரத்தில் காருக்குள் அண்ணாச்சி இருந்தார். எல்லாம் அவ்வளவுதான் என்று எங்களில் ஒருத்தி சிலேட்டைப் பையில் வைத்துக் கட்டினாள். ஒரு பெண் அழ ஆரம்பித்தாள்.

செல்வகனி செருப்பை வரப்பில் விட்டாள். சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு, தண்ணீருக்குள் இறங்கி, சுவரோரமாகச் சுற்றிப் போய், வாசல் வழியாக உள்ளே நுழைந்து, எங்களைப் பார்த்து நின்றாள். அவள் காலில் ஒரு வெடிப்பு இருந்திருக்க வேண்டும், முகத்தைச் சுளித்தாள். எங்களுக்கு அந்த எரிச்சல் தெரியும்.

"விடியுறதுக்கு முந்தி எறங்குனதுல இருந்து அவருக்காக உப்புத்தண்ணிக்குள்ள நின்னீங்க," என்றாள். "எங்கம்மாவுக்கு ஒரு மணி நேரம் நிக்க முடியாதா?"

சந்தனமாரி முதலில் இறங்கினாள். "உக்காந்து படிச்சா தூக்கம்லா வருது," என்றாள். பிறகு எல்லோரும் இறங்கினோம். இரண்டு பேர் கரும்பலகையைப் பிடித்துக்கொண்டார்கள், கை வலித்தால் வேறு இரண்டு பேர் மாற்றிக்கொண்டார்கள், கைக்குழந்தைகள் தோளுக்குத் தோள் மாறின, சிலேட்டை முன்னால் நிற்பவளின் முதுகில் வைத்து எழுதினோம். அன்றைக்கும் நின்றோம், மறுநாளும் நின்றோம், கோடை முழுவதும் நின்றோம். சுற்றிலும் பாத்தி பூத்தது, வெள்ளை வெள்ளையாக உப்பு படிந்தது. நிழல் அடங்கும் அந்தச் சதுரத்தில் மட்டும், தினமும் எங்கள் கால்கள் கலக்கிவிட்டதால், ஒரு கல் உப்புக்கூட விளையவில்லை.

பாத்தியில் நிற்பவர்களுக்கு வேலை கிடையாது என்று அண்ணாச்சி சொல்லி அனுப்பினார். பாத்தியில் நிற்பதுதானே இவர்கள் வேலை என்று செல்வகனி பதில் சொல்லி அனுப்பினாள். உப்பு வாரும் காலம் அது. மழைக்கு முன் எல்லாவற்றையும் வாரிக் குவித்தாக வேண்டும். எங்களை நிறுத்திவிட்டால் வாருவதற்கு ஆள் இல்லை. வாரத் தொடங்கினால் நாங்கள் மத்தியானம் அங்கே போய் நிற்போம். ஊரில் சிலர் எங்களைப் பைத்தியம் என்றார்கள். எங்கள் புருஷன்மார்களில் சிலரும் சொன்னார்கள். கால் வெடித்து ரத்தம் வந்தவர்கள் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு வந்து நின்றார்கள். எடைமேடைத் திறப்பு விழாவுக்கு எங்களில் ஒருத்தியும் போகவில்லை. வாழை மரம் கட்டி, ஒலிபெருக்கி வைத்து, டீச்சரைப் பற்றிப் பெரியவர்கள் பேசியது காற்றில் வந்தது. எங்களில் கடைசி வரிசையில் நின்ற ஒருத்தி, "ஏ, டீச்சருக்கு வீணை வாசிக்கத் தெரியுமாம்லா," என்றாள். அதற்கு மேல் நாங்கள் காது கொடுக்கவில்லை.

அப்புறம்தான் அண்ணாச்சி தண்ணீரை இடுப்பளவு ஏற்றச் சொன்னார். இடுப்பளவு தண்ணீரில் உப்பு விளையாது என்பது பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். உப்பு வேண்டாம், இவர்களைக் கிளப்பினால் போதும் என்ற இடத்துக்கு அவர் வந்திருந்தார். இரவோடு இரவாக வரப்பை உயர்த்திவிட்டார்கள். மறுநாள் மத்தியானம் வகுப்பு நடக்கும்போதே, கிழக்கே தெப்பம் என்று சொல்கிற நீர்க்குட்டையின் பக்கம் இருக்கிற வரப்பை வெட்டிவிட்டால், தேக்கி வைத்த தண்ணீர் மொத்தமும் உள்ளே வந்துவிடும். மேற்கு வரப்புக்கு வெளியே கடலுக்குப் போகிற ஓடை. வெட்டுவது ஐகோர்ட்துரையின் வேலை என்று முடிவானது. அவர் மனைவியே அதைக் குழாயடியில் எங்களிடம் சொன்னாள், சொல்லிவிட்டு, "அந்த மனுசன் ராத்திரி சோறு திங்கல," என்றும் சொன்னாள்.

எங்களுக்குத் தெரியும் என்று செல்வகனிக்கும் தெரியும். கைக்குழந்தைக்காரிகளை மட்டும் வரப்பில் நிற்கச் சொன்னாள். அவர்கள் நிற்கவில்லை, உள்ளே வந்து பிள்ளைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டார்கள். அவள் வற்புறுத்தவில்லை. பலகையில் எழுதினாள். டீச்சரைப்போல அழகான எழுத்து இல்லை, பில் போடுகிற கையின் சாய்ந்த எழுத்து, ஆனாலும் வாசிக்க முடிந்தது. சந்தனமாரியைக் கூப்பிட்டாள். சந்தனமாரி முன்னால் போய் நின்று, ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்து, கூட்டி வாசிக்க ஆரம்பித்தாள்.

"ஐ... ப்ப... சி... ஐப்பசி. ஐப்பசியில்... மழை வரும்."

"ம்," என்றாள் செல்வகனி. "அடுத்தது."

ஐகோர்ட்துரை மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வரப்பில் வந்தார். தூரத்தில் அண்ணாச்சியின் கார்க் கண்ணாடி இறங்கியது. ஐகோர்ட்துரை கிழக்கு வரப்பின் மேல் நின்று எங்களைப் பார்த்தார். பார்க்கிறார் என்று தெரிந்தும் யாரும் திரும்பவில்லை. நாங்கள் சிலர் பக்கத்தில் நிற்பவளின் கையைப் பிடித்துக்கொண்டோம். வெயில் நேர் உச்சியில் நின்றது, நிழல் சுவருக்குள் அடங்கி எங்கள் காலடியில் கிடந்தது.

"மழை வந்தால்... அளத்தில்... வேலை இல்லை," என்று வாசித்த சந்தனமாரி கடைசி வரிக்கு விரலை இறக்கினாள். "பள்... பள்ளி..."

"கூட்டு. அவசரமில்ல."

ஐகோர்ட்துரை வரப்போடு நடந்து மேற்குப் பக்கம் போனார். ஓடையை ஒட்டிய இடத்தில் குனிந்து, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். பிறகு மண்வெட்டியை ஓங்கி வரப்பில் ஒரு வெட்டு வெட்டினார். எங்கள் கணுக்காலைச் சுற்றி நின்ற தண்ணீர் ஓடைப் பக்கமாக மெல்ல நகரத் தொடங்கியது.

"பள்ளிக்கூடம் உண்டு," என்று சந்தனமாரி வாசித்தாள்.

"இன்னொரு தடவை," என்றாள் செல்வகனி.

சந்தனமாரி விரலை முதல் எழுத்துக்குக் கொண்டுபோனாள். ஐகோர்ட்துரை வெட்டின இடத்தில் மறுபடியும் மண் விழுந்து அடைக்காமல், பாதத்தால் ஒதுக்கிவிட்டார்.